மணலுக்குள் வைத்த ஜூஸ்

எங்கள் வீட்டில் உயிர்த்த ஞாயிறுக்கென்று ஒரு பழச்சாறு உண்டு. ஊரில் எல்லாரும் அதை அக்காவின் ஜூஸ் என்றே சொல்வார்கள். கிளாசில் ஊற்றினால் சோடா போல நுரைத்து மேலே ஏறும்; குடித்தவர் ஏப்பம் விடாமல் இடத்தை விட்டு எழும்ப முடியாது. வன்னிக்குள் ஒரு சோடாப் போத்தலைக் கண்ணால் காண்பதே பெரும்பாடாக இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் என் அக்கா அதைக் கண்டுபிடித்தாள். அப்பத்துக்கு மாப் புளிக்க ஒரு கரண்டி கள் விடுகிறோமே, அதே கள்ளை அன்னாசிச் சாற்றில் விட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதைச் செய்யாமல் விடுகிற பழக்கம் அவளிடம் இல்லை.

அன்னாசியைத் தோலோடு கழுவி வெட்டி, இடித்த இஞ்சியும் கறுவாத் துண்டும் சீனியும் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, தென்னங்கள் ஒரு கரண்டி விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைப்பாள். ஓரிரு நாளில் பானை தனக்குள் முணுமுணுக்கத் தொடங்கும். பிறகு வடித்து, தடித்த போத்தல்களில் ஊற்றி, தக்கையை இறுக்கி நூலால் கட்டி, வீட்டுக்குப் பின்னால் ஈர மணலைத் தோண்டிப் புதைத்துவிடுவாள். ஐஸ் இல்லாத ஊரில் அதுதான் எங்கள் குளிர்ப்பெட்டி. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தோண்டி எடுத்து, பெரிய சட்டியில் ஊற்றி, கொடித்தோடம்பழம் பிழிந்து, வத்தகைப்பழத் துண்டுகளும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்தால் வேலை முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஜூஸ் ஊறுவதோ தவக்காலத்தின் கடைசி வாரம். எங்கள் அம்மாவின் சட்டப்படி தவக்காலத்தில் இனிப்பு நாக்கில் படக் கூடாது. ருசி பார்க்காமல் எப்படிச் செய்வது? அக்கா போத்தலைக் காதில் வைத்துக் கேட்பாள். கண்ணை மூடிக்கொண்டு, தொலைபேசியில் யாருடனோ கதைப்பவள் மாதிரி நின்று கேட்டுவிட்டு, "இது சரி", "இதுக்கு இன்னும் ரெண்டு நாள் வேணும்" என்பாள். நான் கேட்டால் எனக்கு ஒரு மண்ணும் விளங்காது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது நானும் அம்மாவும் அப்பாவும் ஸ்கந்தபுரத்தில் சின்னம்மா வீட்டில் இருந்தோம். புதுவருடத்துக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகள் தைத்து முடியவில்லை என்று அக்கா முல்லைத்தீவில், கடற்கரை வீட்டிலேயே நின்றுவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பது வயது. கல்யாணம் கட்டவில்லை. தையல் மெசினைத் தன் பிள்ளை என்று சொல்லிச் சிரிப்பாள். மெசினைப் பிறகு பனங்கூடலுக்குள் கண்டெடுத்தோம். அக்காவைக் கண்டெடுக்கவில்லை. அப்பா எல்லா ஆஸ்பத்திரிக்கும் போனார், புதைத்த இடங்களுக்கெல்லாம் போனார். எங்கும் அவள் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் உள்ளுக்குள், காட்டோரமாகக் கட்டித் தந்த அகதி முகாமில், ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். நான் முகாமின் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா கடலுக்குப் போவதில்லை. அம்மா அழவே இல்லை. இறந்தவர்களுக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தபோது எல்லாரும் தங்கள் ஆட்களின் பெயரைக் கொடுத்தார்கள். அக்காவின் பெயரைக் கொடுக்க அம்மா விடவில்லை.

ஏன் என்பதை விபூதிப் புதன் கழிந்து சில நாளில், கொட்டிலுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த பங்குச் சுவாமியிடம் அம்மாவே சொன்னார். மிக அமைதியாக, மீன் விலை சொல்வது போலச் சொன்னார்.

"பொம்பிளையள் ஆண்டவரின்ர கல்லறைக்குப் போகேக்க உள்ளுக்கு ஆளில்லை. ஏன் சுவாமி இல்லை? எழும்பிப் போட்டார். நாங்களும் தேடாத இடமில்லை. என்ர பிள்ளையும் இல்லை."

"அம்மா, அது வேற..." என்றார் சுவாமி.

"எப்பிடி வேற?"

சுவாமி தேத்தண்ணியைக் குடித்தார். அது எப்போதோ முடிந்துபோன கோப்பை. அம்மா தொடர்ந்தார்.

"எழும்பி வந்த ஆளை உடன அடையாளம் தெரியாதாம் சுவாமி. மரியா தோட்டக்காரன் எண்டெல்லோ நினைச்சவா. கூட நடந்து வந்த சீடருக்கே தெரியேல்ல. சாப்பிடேக்கதான் தெரிஞ்சது. ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள். வந்தால் குடிக்க ஒண்டும் இல்லாமல் இருக்கக் கூடாது."

அவர் வாய்குழறிப் பேசியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். ஞானோபதேச வகுப்பில் எனக்கு அவர்தான் வேதம் படிப்பித்தவர். சொன்ன ஒவ்வொரு வசனமும் சரியான வசனம். அன்றிலிருந்து எங்கள் எல்லாருடைய பயமும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அக்கா வராமல் பொழுது சாயும்போது, அம்மா என்ன ஆவார்?

ஜூஸ் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. சமாதான காலம். வவுனியாவிலிருந்து லொறி லொறியாகச் சோடா வந்து முகாம் வாசல் கடையிலேயே குவிந்திருந்தது. "ரெண்டு பெரிய போத்தல் சோடா வாங்கிக் கலந்தால் ஆருக்கம்மா தெரியப் போகுது?" என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் என்ன கதைப்பது? குருத்தோலை ஞாயிறுக்கு முன்னம், தவக்காலத்தில், கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை நான் தகரப் பேணியோடு தவறணை வாசலில் போய்க் கள்ளுக்கு நின்றேன். அங்கிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அக்காவின் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. இருக்கும்போதும் இவள் சொல்வதுதான் நடக்கும், இல்லாதபோதும் இவள் சொல்வதுதான் நடக்கிறது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து பேணியை வைத்தபிறகுதான், திட்டினால் திருப்பித் திட்ட அவள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

போத்தல்களைக் கொட்டிலுக்குப் பின்னால் புதைக்கலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. அக்கா புதைக்கிற இடத்தில்தான் புதைக்க வேண்டும், விருந்தும் அங்கேதான் என்றார்.

அங்கே என்றால் எங்கள் பழைய வீட்டு வளவு. கடல் வந்த நாளுக்குப் பிறகு பகலிலும் யாரும் அங்கே அதிகம் நிற்பதில்லை. வீடு போய்விட்டது. சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் அப்படியே கிடந்தது. எது சாமியறை, எது குசினி என்று தரையில் கோடு கோடாகத் தெரியும். முன்வாசல் நிலை மட்டும், சுவரும் இல்லாமல் கதவும் இல்லாமல், தனியே நின்றது. ஏன் அது விழவில்லை என்று யாருக்கும் விளங்கவில்லை. நானும் அப்பாவும் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டால் தரையில் ஏறப் போனோம்.

"அது சுவர்" என்றார் அம்மா.

நாங்கள் சுற்றி வந்து நிலைக்குள்ளால் நுழைந்தோம். அப்பா தன்னை அறியாமல், பழைய வழக்கப்படி, தலையைக் குனிந்து நுழைந்தார். கடல் அன்று அலையில்லாமல், வார்த்து வைத்த மாதிரிக் கிடந்தது. காகம்கூட இல்லை. நான் மணலைத் தோண்டித் தோண்டி ஒவ்வொரு போத்தலாக வைத்தபோது, கை எதிலாவது படுமோ என்று ஒவ்வொரு பிடியையும் மெல்லவே அள்ளினேன். படவில்லை.

பெரிய வாரத்தில் அந்தச் சத்தம் தொடங்கியது. உடைந்த வள்ளத்தைப் பார்க்கப் போன ஒருவர் வந்து சொன்னார், எங்கள் வளவுப் பக்கம் மண்ணுக்குள் ஏதோ தட்டுகிறது என்று. அடுத்த நாள் விறகு பொறுக்கப் போன இரண்டு பெண்கள், விறகையும் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "உள்ளுக்கிருந்து ஆரோ தட்டுகினம்." பெரிய வியாழனிலிருந்து கோயில் மணி அடிக்காது, மரப்பலகையைத் தட்டித்தான் பூசைக்குக் கூப்பிடுவார்கள். அந்தப் பலகைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகாமில் கதை நின்றுபோய், ஆளையாள் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான் சிரித்தேன். "அது என்ர போத்தல். காஸ் கூடி வெடிக்குது. வேற என்ன?" என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். அக்கா போல எனக்குக் காதில் வைத்துக் கேட்கத் தெரியாது. கள் ஒரு கரண்டி கூடிப்போயிருக்கும் என்று நினைத்தேன். எல்லாம் வெடித்துவிட்டால் விருந்தும் இல்லை, ஒரு தலையிடி முடிந்தது என்று உள்ளுக்குள் சந்தோசமும் பட்டேன். அம்மாவுக்கும் செய்தி போனது. அவர் செபமாலையை உருட்டிக்கொண்டே, "தட்டட்டும்" என்றார்.

ஞாயிறு வந்தது. காலைப் பூசை முடிந்து, சின்னம்மாவும் சித்தப்பாவும் ஸ்கந்தபுரத்திலிருந்து வத்தகைப்பழத்தோடு வந்து சேர்ந்தார்கள். முகாமில் எங்கள் பக்கத்துக் கொட்டில்காரரும் வந்தார்கள். வர விருப்பம் யாருக்கும் இல்லை. அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்; அவர் முகத்தைப் பார்த்து மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பங்குனி வெயிலில், எல்லாரும் வரிசையாக அந்த நிலைக்குள்ளால் நுழைந்து, இல்லாத வீட்டின் விறாந்தையில் பாய் விரித்து இருந்தோம். சின்னம்மாவுக்குச் சாமியறையில் கால் வைக்கப் பயம். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்தார்.

சித்தப்பாவும் நானும் மண்வெட்டியோடு பின்னால் போனோம். "பார்த்துத் தோண்டு பிள்ளை, கண்ணாடி கையை வெட்டும்" என்றார். மெல்லத் தோண்டினோம். முதல் போத்தல் முழுதாக வந்தது. அடுத்ததும் முழுசு. ஒன்றுகூட உடையவில்லை. ஒரு தக்கைகூடக் கழலவில்லை. நான் கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது. சித்தப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அப்படியானால் வாரம் முழுவதும் தட்டியது என்ன? அந்தக் கேள்வியை நாங்கள் இருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

சட்டியில் ஊற்றியபோது ஜூஸ் பொங்கிய பொங்கு, அக்கா போட்ட காலத்தில்கூட நான் கண்டதில்லை. மஞ்சள் நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. இஞ்சி வாசம் கடல் காற்றையும் மீறி எழுந்தது. பிள்ளைகள் பேணிகளோடு ஓடி வந்தார்கள். அம்மா முதல் கிளாசை அள்ளினார், தன் கையிலேயே வைத்துக்கொண்டு போய் வாசல் நிலையடியில் நின்றார்.

"பொறுங்கோ. அவள் வரட்டும்."

பொறுத்தோம். நுரைக்கிற சாற்றுக்குப் பொறுமை கிடையாது. வைத்தால் அடங்கி வெறும் இனிப்புத் தண்ணீர் ஆகிவிடும். சட்டிக்குள் குமிழிகள் ஒவ்வொன்றாகக் குறைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சிணுங்கி ஓய்ந்தார்கள். வெயில் உச்சியைத் தாண்டியது. அம்மா நிலையில் ஒரு கையை வைத்தபடி கடற்கரைப் பாதையையே பார்த்து நின்றார். எழும்பிப் போய் அந்தக் கிளாசைப் பறித்து மண்ணில் ஊற்றினால் என்ன என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

தெற்குப் பக்கமிருந்து, கடற்கரையோரம் நடந்து வந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். குடை இல்லை, பை இல்லை. எங்கள் கரையில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் இல்லை. அவளை யாருக்கும் தெரியவில்லை. முப்பது வயதிருக்கும். அக்காவை விட உயரம், அக்காவை விடக் கறுப்பு. ஒரு சாடையும் இல்லை. பாதையை விட்டு நேரே எங்கள் வளவுக்குத் திரும்பினாள். எந்தப் பக்கத்தாலும் ஏறியிருக்கலாம். நிலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வா மகள்" என்றார் அம்மா. "ஏன் இவ்வளவு பிந்தினனி?"

சின்னம்மா குருசு போட்டுக்கொண்டார். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். பின்னால் இருந்த எங்களைப் பார்த்தாள்.

"நடந்து வந்தனான் அம்மா. அதுதான் பிந்திப் போச்சு."

"வெயிலுக்குள்ள நடந்து... இந்தா, குடி."

அவள் கிளாசை வாங்கினாள். வாயருகே கொண்டு போகவில்லை. காதருகே கொண்டு போனாள். தலையைச் சற்றுச் சரித்து, கண்ணை மூடி, கேட்டாள். என் பக்கத்தில் இருந்த அப்பாவின் கை என் மணிக்கட்டை வந்து பிடித்தது, வலித்தது. பிறகு அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். நுரைக்கிற எதையும் காதில் வைத்துப் பார்க்காத பிள்ளை உலகத்தில் இல்லை என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

அம்மா அவளுக்கு இன்னொரு கிளாஸ் கொடுத்தார். சோறு போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் இருந்து மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். நாங்களும் அடங்கிப்போன ஜூசைக் குடித்தோம். அதில் ருசி இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்து, "போட்டு வாறன் அம்மா" என்றாள். அம்மா அவள் தலையில் கை வைத்தார். "கவனமாப் போ" என்றார். நில் என்று சொல்லவில்லை.

அவள் பாதையில் இறங்கியதும் நான் பின்னால் ஓடினேன். ஓடும்போதே வாயில் வசவுகளை அடுக்கி வைத்திருந்தேன். மணலில் அவளை எட்டிப் பிடித்து, "ஆர் நீங்கள்? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? நாளைக்கு அம்மா திரும்பவும் வாசல்ல நிண்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்று கத்தினேன்.

அவள் நின்றாள். அருகில் பார்க்க, உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"நான் வேற ஒண்டும் சொல்லேல்லயே தங்கச்சி. நடந்து வந்ததெண்டுதான் சொன்னனான். மகள் எண்டு கூப்பிட்டா. என்னை அப்பிடிக் கூப்பிட இருந்த ஆக்கள் எல்லாரையும் கடல் கொண்டு போட்டுது. இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல."

"எந்த ஊர் நீங்கள்?"

"சொந்த ஊர் கொக்கிளாய். சின்னனிலயே எழும்பி வந்திட்டம். இப்ப எங்கயும் இல்லை."

கொக்கிளாயில் எங்கள் சனம் இருந்தது நான் நடக்கப் பழகிய காலத்தில்; பிறகு இராணுவம் எல்லாரையும் அங்கிருந்து துரத்திவிட்டது. அடுக்கி வைத்த வசவில் ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் செருப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வடக்கே நடந்தாள். நான் அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. அதன் பிறகு அவளை எந்த முகாமிலும், எந்த வரிசையிலும் நான் காணவில்லை. கண்டவர் யாரையும் சந்திக்கவும் இல்லை.

திரும்பி வந்தபோது சனம் கலைந்திருந்தது. அப்பா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அம்மா குசினி இருந்த இடத்தில் குந்தியிருந்து கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நாளைக்கு என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டே அவருக்குக் கிட்டப் போனேன்.

"போட்டாளோ?" என்றார் தலை நிமிராமல்.

"ஓம் அம்மா."

"எந்த ஊர்ப் பிள்ளையாம்?"

"அம்மா... அப்ப உங்களுக்குத் தெரியுமோ?"

"பெத்தவள் நான். எனக்குத் தெரியாதோ?" கழுவிய கிளாசை வெயிலில் கவிழ்த்து வைத்தார். "அந்தப் பிள்ளை வாசல்ல நிண்ட நிலையைப் பாத்தனியே? ஒரு வாய் தண்ணி கேக்கவும் ஆளில்லாமல் வந்து நிக்கிறவளை நான் வேற எப்பிடிக் கூப்பிடுறது?"

அவர் கடைசிக் கிளாசையும் கழுவி முடித்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஆறுதலாகக் கடலைப் பார்த்தார். வெயில் அப்போது சாயத் தொடங்கியிருந்தது.

"என்ர பிள்ளை வாறதெண்டால் இண்டைக்கு வந்திருப்பாள்" என்றார். "நாளைக்குக் காலமை சுவாமியிட்டப் போ. செத்த ஆக்களின்ர பூசையில உன்ர அக்காவின்ர பேரையும் சேர்க்கச் சொல்லு."

பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த அப்பா அந்தத் தரையிலேயே இருந்துவிட்டார். கடல் வந்த நாளிலிருந்து அன்றுதான் அவர் முதன்முதலாகக் குரலெடுத்து அழுதார். அம்மா போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.